ஆளைத் தள்ளி உக்காரச் சொன்னா பிரஷர் ஏறுமா? ஒரு நர்சோட கேள்வி

கருங்கல் சிஸ்டர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க வாசிக்க மட்டும் செய்யுதேன், எழுதுறது இதுதான் முதல் தடவை. நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கிடுங்க.

நான் நர்ஸ். ஊரு கருங்கல் பக்கம். இங்கிலாந்துல ஒன்பது வருஷம் வேலை பாத்தேன். அம்மைக்கு வாதம் வந்து படுத்ததுனால ரெண்டு வருஷத்துக்கு முன்னால திரும்பி வந்து, இப்ப குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவுல ஒரு சின்ன கிளினிக்குல இருக்கேன். எனக்குக் கேள்வி ரெண்டு. ரெண்டும் ஒண்ணுதானோன்னு ஒரு சந்தேகம்.

முதல்ல என் கதை. ஊரைவிட்டுப் போகும்போது வயசு 35, பிரஷர் 116/74. அந்த மெடிக்கல் பேப்பர் இன்னும் டிரங்குப் பெட்டியில கிடக்கு. மூணாவது வருஷம் 148/94, மாத்திரை தொடங்கியாச்சு. எங்க வீட்டுல அம்பது வயசுக்கு முன்னால யாருக்கும் பிரஷர் வந்ததில்ல, அம்மைக்கே அறுபது தாண்டித்தான். உப்பு, ஊறுகாய்னு யாரும் சொல்ல வேண்டாம். அங்க ஊறுகாய் பாட்டிலைத் தொறக்கதுக்கு முன்னால சன்னலைத் தொறந்து வைக்கிற கூட்டம் நாங்க, மாசத்துக்கு ஒருக்க தின்னா பெருசு.

வார்டுல கெட்ட வார்த்தை கேட்டது ரெண்டு மூணு தடவைதான். அது மறந்தும் போச்சு. மறக்காம நிக்கிறது சின்னச் சின்னது. ஒரு கிழவி, நான் ஊசியோட போனா என் தோளுக்குப் பின்னால எட்டிப் பாப்பா, வேற யாராவது வாராங்களான்னு. நான் நாடி பிடிச்சு விட்டதும் அந்த மணிக்கட்டைப் போர்வையில பைய துடைப்பா. திட்ட மாட்டா, "தேங்க் யூ டியர்"னும் சொல்லுவா, துடைக்கவும் செய்வா. கூட வேலை பாத்த ஒருத்தி என் பேரு வாயில நுழையலைன்னு "மேரி"ன்னு வச்சா. ஒன்பது வருஷமும் மேரிதான். 2020ல கோவிட் வார்டுக்கு டூட்டி போட்டப்ப லிஸ்ட்டுல முதல் நாலு பேரும் எங்க நிறம். யாரும் வேணும்னு செஞ்சாங்கன்னு நான் சொல்ல வரலை. லிஸ்ட்டு அப்படித்தான் வந்துச்சு, அவ்வளவுதான்.

வேலைக்குப் போக ஷூவுக்குள்ள காலை விடும்போதே நெஞ்சுல ஒரு வெப்ராளம் வரும். நம்ம ஊருக்காரங்களுக்கு அந்த வார்த்தை போதும், விளக்க வேண்டாம். அன்னைக்கு ஒண்ணும் நடக்காது. ஆனா நடக்கப்போறதுக்கு உடம்பு முன்கூட்டியே தயாரா நிக்கும்.

ஊருக்கு வந்து எட்டு மாசத்துல மாத்திரை பாதியாக் குறைஞ்சாச்சு. அம்மையைத் தூக்கிக் கிடத்தி, ராத்திரி மூணு தடவை எழும்பி, சம்பளம் ஆறுல ஒரு பங்கா ஆன பிறகு பிரஷர் குறையுது! டாக்டர் "எல்லாம் நம்ம ஊரு காத்து"ன்னு சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை.

ரெண்டாவது, போன மாசம் நடந்தது. இதை எழுதத்தான் மூணு நாளா யோசிச்சேன்.

செவ்வாய்க்கிழமை, நல்ல கூட்டம். ஜார்க்கண்ட் பையன் ஒருத்தன் வந்தான், 22 வயசு இருக்கும், பால் வெட்டுக்கு வந்தவன். சட்டையில ரப்பர் பால் காஞ்சு கறுப்பாப் பிடிச்சிருந்துச்சு. ஒட்டுபால் நாத்தம் உங்களுக்குத் தெரியும். பெஞ்சுல இருந்த ஒரு அம்மா முந்தானையை மூக்குல வச்சா. உடனே நான், "ஏய், பாஹர் பைட்டோ" அப்படின்னேன். எனக்குத் தெரிஞ்ச மொத்த இந்தியும் அவ்வளவுதான். ஒருத்தனை வெளியே உக்காரச் சொல்ல எவ்வளவு வேணுமோ அவ்வளவு.

அவன் போய் வாசப்படியில உக்காந்தான். நான் நடந்துபோற வழியில, ரத்தத்துல ஆக்சிஜன் எத்தனை சதவீதம்னு காட்டுற கிளிப்பை அவன் விரல்ல மாட்டிப் பாத்தேன். 95. "95 இருக்கு, கிடக்கட்டும்"னு உள்ள வந்துட்டேன். ஒண்ணேமுக்கால் மணி நேரம். பிறகு வாளித் தண்ணியைக் கொட்ட வெளியே வந்தப்பதான் அவனைச் சரியாப் பாத்தேன். சட்டையில மூணாவது பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருந்தான். அந்த ஊக்கு ஏறி இறங்குற வேகம் எனக்குப் பிடிக்கலை. வாட்சைப் பாத்து எண்ணினேன். நிமிஷத்துக்கு 36. வளந்த ஆளுக்கு 20க்குள்ள இருக்கணும். கிளிப்பை மறுபடி மாட்டினேன், அப்பவும் 94.

108ஐ வரச்சொல்லி அனுப்பினோம். பெரியாஸ்பத்திரியில மணிக்கட்டு நாடியில ரத்தம் எடுத்துப் பாத்தப்ப 86தான் இருந்திருக்கு. முதல்ல நிமோனியான்னாங்க, பிறகு சளி டெஸ்ட்டுல டிபி. ஆளு பிழைச்சிட்டான்.

கூட வந்த பையனுக்குக் கொஞ்சம் மலையாளம் தெரியும். எத்தனை நாளா காய்ச்சல்னு கேட்டா, 19 நாளாம். ஏன் வரலை? ஏழாவது நாள் வைத்தியத்துக்கு ஒரு இடத்துக்குப் போயிருக்கான். "போய் முதலாளியைக் கூட்டிட்டு வா"ன்னு சொல்லியிருக்காவ. திரும்பிப் போய், பிறகு மெடிக்கல்ல காய்ச்சல் மாத்திரை வாங்கித் தின்னே நாளை ஓட்டியிருக்கான்.

அந்தக் கிழவி போர்வையில துடைச்சதுக்கும் நான் "பாஹர் பைட்டோ" சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்னு ராத்திரி படுத்தா வருது. அதுக்கு இங்க யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியணும்: ஒதுக்கப்படுறது நேரடியா உடம்பைக் கெடுக்கும்னு யாராவது அளந்து பாத்திருக்காங்களா, இல்ல இது நம்ம மனசுதானா? அந்தக் கிளிப்பு கறுத்த விரல்ல தப்பாக் காட்டுமா? எங்களைப்போல சின்ன இடத்துல என்னத்தை மாத்த முடியும்?

---

தோட்டக்காரன் எழுதியது:

சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. இப்பம் எல்லாத்துக்கும் இனம், சாதின்னு ஒரு பேச்சு வந்தாச்சு. நான் பால்வெட்டுக்கு ஆள் வச்சிருக்கேன், 12 பேரு, எல்லாம் அந்தப் பக்கத்து ஆளுதான். அவன்மாரு பாக்கு போடுவான், ராத்திரி மூணு மணிக்கு எழும்புவான், சோறும் உருளைக்கிழங்கும்தான் தீனி. அதுல டிபி வராம என்ன வரும்? நம்ம ஆளுகளும் ஆசுத்திரியில காலையில இருந்து உச்சை வரை காத்துத்தான் கிடக்கு. நாங்க பிரஷர் ஏறுதுன்னு சொல்லுதோமா?

நம்ம ஊரு ஆளு பால் வெட்ட வரமாட்டான், அதனால அவனை வச்சிருக்கோம். வேலையும் குடுத்து, தங்க ஷெட்டும் குடுத்து, கடைசியில நாங்கதான் கெட்டவனுக.

---

நாகர்கோவில் டாக்டர் (சமூக மருத்துவம்) எழுதியது:

சிஸ்டர், உங்கள் ரெண்டு கேள்வியும் ஒன்றுதான். அதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. உங்கள் ஒருவருடைய பிரஷரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஒன்பது வருஷ நைட் டூட்டி மட்டுமே பிரஷரை ஏற்றும். குளிர், எடை, வயசு எல்லாம் சேரும். ஆனால் டாக்டர் சிரித்தது சரியில்லை, ஏனென்றால் இது நாற்பது வருஷமாக அளக்கப்பட்டுவரும் விஷயம்.

எனக்குப் பிடித்த ஆய்விலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் கறுப்பினத் தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகள் எடை குறைவாகப் பிறப்பது அதிகம். "அது அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது" என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிகாகோவைச் சேர்ந்த ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற ரெண்டு குழந்தை மருத்துவர்கள் இல்லினாய் மாநிலப் பிறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்து அமெரிக்கா வந்த பெண்களைத் தனியாகப் பிரித்தார்கள். ரத்தம்தான் காரணம் என்றால் அவர்களுடைய குழந்தைகள்தான் இன்னும் எடை குறைய வேண்டும். நடந்தது நேர்மாறு. அந்தக் குழந்தைகளின் எடை வெள்ளைக்காரக் குழந்தைகளின் எடையை ஒட்டி இருந்தது. 1997இல் வெளியானது அது. அதே ஆட்கள் பிறகு அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து பெற்ற குழந்தைகளுக்கு எடை குறைந்திருந்தது. ஒரே ரத்தம், ஒரு தலைமுறை அங்கே வாழ்ந்ததுதான் வித்தியாசம்.

இன்னொன்று. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு ஆறு மாசத்தில் கலிபோர்னியாவில் பிரசவித்த பெண்களில், அரபுப் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் முந்தின வருஷத்தைவிடக் கூடியிருந்தது. மற்றப் பெண்களுக்கு அப்படிக் கூடவில்லை. அந்தப் பெண்களை எல்லாம் யாரும் போய் அடிக்கவில்லை. கடையில், பஸ்ஸில், கவுண்டரில் பெயரைச் சொல்லும்போது எதிரில் உள்ள முகம் மாறியிருக்கும். உங்கள் ஷூ கதைதான்.

உடம்புக்குள்ளே நடப்பது சிக்கலானது இல்லை. ஆபத்து வருகிறது என்று மூளை நினைத்தால் அட்ரினலினும் கார்டிசோலும் சுரக்கும், நாடி ஏறும், ரத்தத்தில் சர்க்கரை ஏறும். பாம்பைக் கண்டு ஓடுவதற்கு அது நல்லது. ஓடி முடிந்ததும் இறங்கிவிடும். பாம்பு இருக்குமோ என்று தினமும் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பவனுக்கு அது இறங்குவதே இல்லை. நல்ல தூக்கத்தில் பிரஷர் பத்து சதவீதமாவது குறைய வேண்டும். ஒதுக்கலை அடிக்கடி சந்திப்பவர்களுக்கு ராத்திரியிலும் அது சரியாகக் குறைவதில்லை என்று 24 மணி நேரமும் கையில் பட்டை கட்டிப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஆர்லின் ஜெரோனிமஸ் என்ற பேராசிரியை 1992இல் இதற்கு 'வெதரிங்' என்று பெயர் வைத்தார். நம் பாஷையில் சொன்னால், வெயிலிலும் மழையிலும் வெளியே போட்ட பலகை பொரிந்துபோவது. அவர் கவனித்தது இது: வெள்ளைக்காரப் பெண்களில் இருபது வயசுக்கு மேல் பெறும் குழந்தைகள் பதின்வயதுத் தாய்மாரின் குழந்தைகளைவிட நன்றாகப் பிழைக்கின்றன. கறுப்பினப் பெண்களில் அது தலைகீழ். இருபதுகளிலேயே அந்த உடம்புகள் தேயத் தொடங்கிவிடுகின்றன.

கிளிப்பு விஷயம். ஆமாம், தப்பாகக் காட்டும். அது விரலுக்குள் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் விட்டு, எது எவ்வளவு மறுபக்கம் வந்து சேருகிறது என்று கணக்குப் போடுகிறது. தோலில் உள்ள கருநிறமியும் அந்த ஒளியை விழுங்கும். 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் வெளியிட்ட கணக்கு: கிளிப்பில் 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளிடம் நாடி ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தபோது, கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் பேருக்கு நிஜத்தில் 88க்குக் கீழே இருந்தது. வெள்ளையரில் 3.6 சதவீதம். அந்தக் கருவியை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வெளுத்த விரல்களை வைத்தே பெரும்பாலும் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். உங்கள் டூட்டி லிஸ்ட்டு மாதிரி. விரல் சில்லிட்டிருந்தாலும், நடுங்கினாலும், நகச்சாயம் இருந்தாலும்கூடப் பிசகும். ஆகவே நீங்கள் ஊக்கைப் பார்த்து எண்ணினீர்களே, அதுதான் சரியான கருவி.

தோட்டக்கார அண்ணே, நீங்கள் சொன்ன பட்டியல் பொய் இல்லை. டிபி கிருமியால்தான் வரும், நெருக்கமும் பட்டினியும் அதற்கு வழிவிடும். ஆனால் ஒரு ஷெட்டுக்குள் இத்தனை பேர் படுக்க வேண்டும் என்று அந்தப் பையன் மாதிரி ஆட்கள் முடிவு செய்யவில்லை. 19 நாள் தாமதித்ததும் பாக்கினால் இல்லை. நம் நாட்டுக் கணக்கையே பாருங்கள். 2015–16 தேசிய குடும்பநல ஆய்வில், ஐந்து வயசுக்குள் இறக்கும் குழந்தைகள் பழங்குடியினரில் ஆயிரத்துக்கு 57. எஸ்சி, எஸ்டி, ஓபிசி பட்டியல்களில் வராதவர்களில் 39க்குக் கீழே. இது இனமா சாதியா என்று 2001இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஐ.நா. இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் பெரிய சண்டையே நடந்தது. சாதியை அங்கே பேசக் கூடாது என்று நம் அரசாங்கம் நின்றது. பெயர் என்னவானாலும் நாடியில் ஏறுவது ஒன்றுதான்.

---

பேச்சிப்பாறை நர்சம்மா எழுதியது:

மக்ளே, நான் ரிட்டயர்டு ஆன கிராம சுகாதார நர்சு. பேரப்பய டைப் அடிச்சுத் தாறான், பிழை இருந்தா அவனைத் திட்டு.

டாக்டர் பெரிய ஊரு கதையெல்லாம் சொன்னாரு, கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது மலைதான். பேச்சிப்பாறை டேமுக்கு அந்தக் கரை தச்சமலை, அங்கின காணிக்காரங்கன்னு மலைப் பழங்குடி ஆளுக குடியிருக்காவ. படகுலதான் போவணும். ஊசிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு எத்தனை தடவை அந்தத் தண்ணியைக் கடந்தேன்னு எனக்கே ஓர்மை இல்லை.

தொடக்கத்துல ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. மலையில யாருக்காவது தீனம்னு சொல்லிவிட்டா, படகு வந்து நிக்கும், ஆளு வராது. அரைமணி, ஒரு மணி. என்னத்தைச் செய்யுதாவன்னு ஒருநாள் ஏறிப் போய்ப் பாத்தேன். நெறமாசக்காரி, வலி வந்தாச்சு. அவ குளிச்சுக்கிட்டு இருக்கா. குளிச்சு, தேங்காண்ணெய் தேச்சு, சீவி, பெட்டிக்குள்ள இருந்து கல்யாணச் சேலையை எடுத்து உடுத்துதா. வலி வரும்போது தூணைப் பிடிச்சு நிக்கா, வலி விட்டதும் மடிப்பு எடுக்கா. நான் சத்தம் போட்டேன். "பிள்ளை வெளியே வந்துரும்டீ, சேலை எதுக்கு?" அவ மாமியார்தான் பதில் சொன்னா. "நர்சம்மா, இப்பிடிப் போனாத்தான் அங்க மனுசியாட்டு பாப்பாவ." முந்தின பிரசவத்துக்கு வேலைக்குப் போன கோலத்துலயே ஓடியிருக்கா. அங்க ஒரு ஆயா, "காட்டுல பெத்துப் போட வேண்டியதுதானே, இங்க என்னத்துக்கு வந்தே"ன்னு மூட்டையைத் தூக்கித் திண்ணையில வீசியிருக்கா. எந்த ஆசுத்திரின்னு கேக்காதே, அந்த ஆயா செத்தும் போனா.

ஒரே ஒரு தடவைதான் வீசினா. அதுக்குப் பிறகு அந்தக் குடியில எல்லாரும் சேலை மாத்திட்டுத்தான் படகு ஏறுவாவ. ஒரு மணி நேரம் அதுல போவும். ரத்தப்போக்கு உள்ளவளுக்கு ஒரு மணி நேரம்னா என்னான்னு உனக்குத் தெரியும்.

நான் பிறகு என்ன செஞ்சேன்னா, பேசிப் பாக்கதை விட்டுட்டேன். கூடவே போயிருவேன். போய்ப் பக்கத்துல நிப்பேன், அவ்வளவுதான். வெள்ளைச் சேலை உடுத்த ஒருத்தி பக்கத்துல நின்னா ஆயா வாயைத் தொறக்க மாட்டா. எட்டு மாசத்துக்காரி ஒருத்தி காலு வீங்கி இருந்தா, நான் போற அன்னைக்கெல்லாம் விறகுக்குப் போயிருவா. நானும் விடலை, ஒருநாள் அங்கினயே தங்கி, அவிய வெளம்புன மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகும் தின்னுட்டுப் படுத்தேன். ராத்திரி வந்து பக்கத்துல படுத்தா. காலையில படகு ஏறினா. சேலை மாத்தலை.

நீ அந்தப் பையனை வெளியே உக்காரச் சொன்னது தப்புதான். ஆறுதல் வேண்டாம்னியே, அதனால சொல்லுதேன்.

---

முட்டத்துக்காரன் எழுதியது:

நர்சம்மா எழுதினதை வாசிச்சு எங்க அம்மா ஞாபகம். எங்களுக்குக் கடல்தொழில். அம்மா கடவத்துல மீன் வச்சு உள்ளூருக்கு விக்கப் போவாங்க. வித்து முடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போகணும்னா, யாராவது தெரிஞ்ச வீட்டுல சோப்பு போட்டுக் கையைக் கழுவி, கழுவி, மோந்து பாத்துட்டுத்தான் போவாங்க. சுகர்காரி. அந்த வீட்டுல ஆள் இல்லாத அன்னைக்கு ஆஸ்பத்திரியும் கிடையாது. கால் புண்ணை மூணு வாரம் அப்படியே வச்சு ரெண்டு விரல் போச்சு.

2021 டிசம்பர்ல குளச்சல் பஸ் ஸ்டாண்டுல மீன் வித்துட்டு வந்த வயசான ஒரு அம்மாவை நாத்தம்னு சொல்லி பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டது எல்லாருக்கும் ஓர்மை இருக்கும். வீடியோ வந்ததுனால நடவடிக்கை எடுத்தாங்க. வீடியோவுல அந்த அம்மா சத்தம் போட்டு நியாயம் கேட்டாங்க. எங்க அம்மா கேட்டிருக்க மாட்டாங்க, இறங்கி நடந்திருப்பாங்க. ரெண்டுல எது உடம்புக்குக் கெடுதல்னு டாக்டர்தான் சொல்லணும்.

---

நாகர்கோவில் டாக்டர்:

தம்பி, அதையும் பார்த்திருக்கிறார்கள். எதிர்த்துக் கேட்டவர்களைவிட, ஒன்றும் பேசாமல் ஏற்றுக்கொண்டு வந்தவர்களுக்குப் பிரஷர் அதிகம் என்று சில ஆய்வுகளில் வந்திருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி வரவில்லை. கேட்டால் வேலை போகும் என்ற நிலையில் இருப்பவன் எப்படிக் கேட்பான்? ஆகவே "எதிர்த்துக் கேள்" என்று நான் யாருக்கும் மருந்துச் சீட்டு எழுத மாட்டேன்.

நோயாளி ஆஸ்பத்திரியை நம்பாமல் போவதற்கு எவ்வளவு விலை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் டஸ்கிகீ என்ற ஊரில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருஷம், மேகப்புண் நோய் உள்ள 399 கறுப்பின ஆண்களை, வைத்தியம் செய்வதாக ஏமாற்றி, வைத்தியம் செய்யாமல் வேடிக்கை பார்த்தது அந்த அரசாங்கத்தின் சுகாதாரத்துறையே. 1940களின் நடுவிலேயே பென்சிலின் வந்துவிட்டது, கொடுக்கவில்லை. 1997இல்தான் ஜனாதிபதி கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். இன்றும் அங்கே ஒரு கறுப்பினப் பாட்டி தடுப்பூசி வேண்டாம் என்றால் "படிப்பறிவில்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். அவள் மறக்கவில்லை, அவ்வளவுதான். தச்சமலையில் மூட்டை வீசினது ஒரு தடவை, சேலை மாற்றியது எத்தனை வருஷம்?

---

தோட்டக்காரன்:

டாக்டரே, நான் ஒண்ணும் பேசாம வாசிச்சுட்டுத்தான் இருக்கேன். ஒரு சந்தேகம். எங்க ஷெட்டுல ஒருத்தன் மூணு வாரமா இருமுதான். காய்ச்சல் இல்லை, வேலைக்கு வாரான். அவனுக்கும் பாக்கணுமா? ஒருத்தனுக்கு இருந்தா மத்த 11 பேருக்கும் பாக்கணும்னு சொல்லுவாங்கல்லா, ஒருநாள் வெட்டு போகும். மழை தொடங்கினா எப்படியும் வெட்டு நிக்கும், பாதிப் பேரு ஊருக்குப் போயிருவான். அப்ப மாத்திரை தொடங்கி என்ன பிரயோஜனம்?

---

நாகர்கோவில் டாக்டர்:

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமினாலே சளி பார்க்க வேண்டும் அண்ணே, காய்ச்சல் இருக்க வேண்டும் என்று இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெஸ்ட்டும் மாத்திரையும் இலவசம். முதலாளியைக் கூட்டிட்டு வா என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஊருக்குப் போனாலும் கவலையில்லை. இங்கே அரசின் டிபி பதிவேட்டில் பதியும்போது கிடைக்கும் நிக்ஷய் நம்பரை வைத்து அவன் ஜார்க்கண்டில் மீதி மாத்திரையை வாங்கலாம். ஆறு மாசம், ஒரு நாள் விடாமல். சத்துணவுக்கு அரசு மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும். முன்பு 500ஆக இருந்தது, 2024 நவம்பரிலிருந்து கூட்டினார்கள்.

---

கருங்கல் சிஸ்டர்:

எல்லாருக்கும் நன்றி. நர்சம்மா, நீங்க கடைசியில எழுதின வரியைத்தான் நான் எதிர்பாத்தேன். சேலை கதையை வாசிச்சதும் ஒண்ணு ஓர்மை வந்துச்சு. இங்கிலாந்துல பஸ் ஏறதுக்கு முன்னால தலைமுடியை மோந்து பாப்பேன், தேங்காண்ணெய் வாசம் போயிருச்சான்னு. ஒன்பது வருஷம். அதை நான் சுத்தம்னு நெனச்சிருந்தேன்.

கிளினிக்குல செஞ்சது கொஞ்சம்தான். யாரு வந்தாலும் முதல்ல ஒரு நிமிஷம் மூச்சை எண்ணி சீட்டுல எழுதுறது, பிறகுதான் கிளிப்பு. வாசப்படியில யாரையும் உக்கார வைக்கது இல்லை. நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கிப் போட்டேன், எங்க கிளினிக் டாக்டரு காசு தரலை, பரவாயில்லை. மூக்கைப் பொத்துன அந்த அம்மா நேத்தும் வந்து, "எதுக்கு இவனுகளை உள்ள ஏத்துதே"ன்னு கேட்டா. "ஃபேனுக்குக் கீழ இடம் இருக்கு, நீங்க மாறி உக்காருங்க"ன்னேன். அவ மாறலை, சேலையைத்தான் இழுத்துக்கிட்டா.

அந்தப் பையன் மாத்திரை வாங்க வந்தான். எங்க ஸ்டூல்ல உக்காரலை, நின்னுக்கிட்டே இருந்தான். இந்தியில என்ன சொல்லணும்னு தெரியாம ஸ்டூலைத் தட்டிக் காமிச்சேன். இங்க இந்தி தெரிஞ்ச யாராவது, "உள்ள வா, உக்காரு, எத்தனை நாளா?"ங்கிறதுக்கு இந்தி என்னன்னு தமிழ் எழுத்துல எழுதிப் போடுங்க. சுவத்துல ஒட்டி வைக்கணும்.

தோட்டக்கார அண்ணே, ஒருநாள் வெட்டு போக வேண்டாம். ஞாயித்துக்கிழமை உச்சைக்கு மேல எனக்கு டூட்டி இல்லை. சளி டப்பா 12 எடுத்துட்டு நானே ஷெட்டுக்கு வாரேன். டப்பாவைக் குடுத்துட்டு வருவேன், காலையில எழும்பினதும் வர்ற சளியைத்தான் எடுக்கணும். திங்கக்கிழமை நீங்க யாராவது கொண்டுவந்து குடுத்தாப் போதும். வழி மட்டும் சொல்லுங்க.

---

தோட்டக்காரன்:

இருமல்காரனை நேத்தே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாச்சு, நான் கூடப் போகலை, பைக்கைக் குடுத்தேன். மத்தவனுகளுக்கு நீங்க வாங்க.

சுருளகோடு ரோட்டுல வந்து, சாயாக்கடை தாண்டி வலதுகை மண்ரோடு. அதுல அரைக் கிலோமீட்டர், புகைப்புரை தெரியும், அதுக்குப் பின்னாலதான் ஷெட்டு. வண்டியை மேலேயே நிப்பாட்டிருங்க, இறக்கம் வழுக்கும். நேத்து மழை, அட்டை நிறையக் கிடக்கு. உப்பு கொஞ்சம் பொதிஞ்சு கையில எடுத்துக்கிடுங்க.

இந்தி நான் சொல்லுதேன்: "அந்தர் ஆயியே, பைட்டியே, கித்னே தின் ஸே?" கடைசியில "யே" போடணும், அதுதான் மரியாதை. "பைட்டோ" வேண்டாம்.